நாணல் படுகையில் நைட்ரஜன்: நீரைத் தூய்மையாக்குவது செடியா, நுண்ணுயிரா?

நாணல், கோரை, சம்பு, கல்வாழை போன்ற செடிகளை மணலிலோ சரளைக்கல்லிலோ வளர்த்து, அவற்றின் வேர்ப்பகுதி வழியாகக் கழிவுநீரைச் செலுத்தித் தூய்மைப்படுத்தும் அமைப்பைச் செயற்கை ஈரநிலம் என்கிறோம். நாணல் படுகை என்றும் சொல்வதுண்டு. இந்தப் படுகைக்குள் நுழையும் நைட்ரஜன் எங்கே போகிறது? வகுப்பறையில் பல ஆண்டுகள் நான் சொல்லிவந்த விடை, "செடி உறிஞ்சிக்கொள்கிறது" என்பதுதான். அது பொய் அல்ல. ஆனால் நடப்பதில் அது ஒரு சிறு பங்கு மட்டுமே. இந்த அரைகுறை விடையை நம்பிக் கட்டப்பட்ட படுகைகள் ஐரோப்பாவில் நிறைய உண்டு. அவை ஏன் எதிர்பார்த்த அளவு பயன் தரவில்லை என்பதை ஆராய்ந்தபோதுதான் முழு விடை கிடைத்தது. நாணல் படுகையின் வரலாற்றில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி அதுவே.

நைட்ரஜனால் என்ன கேடு?

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். அதனால் யாருக்கும் தீங்கில்லை. நீரில் கரைந்த அம்மோனியாவாகவும் நைட்ரேட்டாகவும் அது வரும்போதுதான் தொல்லை. ஒரு மனிதர் நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் நைட்ரஜனைக் கழிக்கிறார். அதில் பெரும்பகுதி சிறுநீரில் போகிறது. அது அம்மோனியாவாக மாறி ஏரியை அடைந்தால் மீன்களுக்கு நஞ்சாகிறது, பாசியை வளர்க்கிறது. நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் கலந்தால் கிணற்று நீரைக் கெடுக்கிறது. கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரிப்பதற்கு அந்த நீரின் நைட்ரேட்டே காரணம் என்று 1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹண்டர் கோம்லி எழுதினார். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருப்பது குழந்தைகளை மனத்தில் கொண்டுதான். இந்திய வரம்பு 45 மில்லிகிராம்.

ஆகவே நைட்ரஜனை ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் போதாது. அதை நீரிலிருந்தே வெளியேற்ற வேண்டும். அதற்குச் சிறந்த வழி, அதைத் தீங்கில்லாத வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புவது.

பாரிசில் ஒரு கண்ணாடிக் குழாய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்துச் சாக்கடை நீரை வயல்களில் பாய்ச்சித் தூய்மைப்படுத்தும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. மண்ணில் இறங்கிய நீரில் அம்மோனியா குறைந்து நைட்ரேட் கூடியது. இது வெறும் வேதிவினை, மண்ணின் துளைகளில் காற்றுப்பட்டு நடப்பது என்றே பலர் எண்ணினார்கள்.

தியோஃபில் ஷ்லோசிங், அஷில் மியூன்ட்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் இதைச் சோதிக்க எளிய ஏற்பாடு ஒன்று செய்தார்கள். நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பி, சாக்கடை நீரை மேலிருந்து மெதுவாகச் சொட்டவிட்டார்கள். இருபது நாட்கள் வரை அம்மோனியா மாறாமல் அப்படியே கீழே வந்தது. அதன் பிறகு நைட்ரேட் தோன்றியது. நாளடைவில் அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாகிவிட்டது.

அந்த இருபது நாள் தாமதத்தை நான் வகுப்பில் தனியாக நிறுத்திக் கேட்பேன். வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டுமே, எதற்காகக் காத்திருந்தது? ஷ்லோசிங்கும் மியூன்ட்சும் அதையேதான் கேட்டார்கள். குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். நைட்ரேட் உண்டாவது நின்றது. ஆவியை நீக்கிய பிறகும் அது மீளவில்லை. தோட்டத்து மண்ணைக் கழுவிய நீரைச் சிறிது சேர்த்தபோது மறுபடி தொடங்கியது. உயிருள்ள ஏதோ ஒன்று மணலில் குடியேறி வேலை செய்கிறது என்பது 1877இல் இப்படி உறுதியாயிற்று. அந்தக் குழாயில் ஒரு செடிகூட இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த உயிரைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்றார்கள். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ராபர்ட் வாரிங்டன் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் கைகூடவில்லை. மற்ற பாக்டீரியாக்களை வளர்க்கும் ஜெலட்டினையே இவற்றுக்கும் உணவாக வைத்ததுதான் காரணம். 1890இல் சூரிச் நகரில் பணியாற்றிய ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி கரிமப் பொருளே இல்லாத உப்புக் கரைசலில் இவற்றை வளர்த்துக்காட்டினார். இவை அம்மோனியாவை ஆக்சிஜனுடன் சேர்ப்பதால் கிடைக்கும் ஆற்றலில் வாழ்கின்றன; உடலுக்கு வேண்டிய கார்பனைச் செடிகளைப் போலக் கார்பன் டைஆக்சைடிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. பாடநூல்களில் நைட்ரேட்டாதல் என்று வருவது இதுதான்.

இதற்கு எதிர்த்திசை வேலையும் அதே காலத்தில் தெரியவந்தது. பிரான்சின் போர்டோ நகரில், பாஸ்டரின் மாணவர் உலிஸ் கையோனும் அவருடைய துணைவர் கேப்ரியேல் துப்பெட்டும் நைட்ரேட்டை வாயுவாக மாற்றும் நுண்ணுயிர்களை 1882 முதல் ஆராய்ந்து எழுதினார்கள். காற்றில்லாத இடத்தில் இந்தப் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக்கொண்டு சுவாசிக்கின்றன. மிஞ்சுவது நைட்ரஜன் வாயு. அது குமிழியாக மேலேறிப் போய்விடுகிறது. இதற்கு நைட்ரஜன் வெளியேற்றம் என்று பெயர்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். முதல் வேலைக்கு நிறைய ஆக்சிஜன் வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன். இரண்டாம் வேலைக்கு ஆக்சிஜன் இருக்கவே கூடாது, உணவாகக் கரிமப் பொருள் மட்டும் வேண்டும். ஒரே நீர் காற்றுள்ள இடத்தையும் காற்றில்லாத இடத்தையும் அடுத்தடுத்துத் தொட்டாக வேண்டும்.

நெல்வயல் சொன்னது

இப்படி இரு நிலைகளும் அடுத்தடுத்து அமைந்த இடம் நமக்கு மிகப் பழக்கமானது. தண்ணீர் நிற்கும் நெல்வயலும் ஓர் ஈரநிலம்தானே. கோயம்புத்தூரில் வில்லியம் ஹாரிசனும் பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் சேற்று வயலிலிருந்து மேலேறும் வாயுக்களைப் பிடித்துப் பகுத்தாராய்ந்தார்கள். மீத்தேன், நைட்ரஜன் முதலிய வாயுக்களைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை வரிசை 1913 முதல் வெளிவந்தது. மண்ணின் மேற்பரப்பில் படியும் மெல்லிய படலத்துக்கும் பயிரின் வேருக்குக் கிடைக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள தொடர்பையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். நம் நெல்வயல் பற்றிய இந்த ஆய்வு நம் மாணவர்களுக்குப் பெயரளவில்கூடத் தெரிவதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

பின்னர் ஜப்பானில் ஷியோயிரி மட்சுசாபுரோ படத்தை நிறைவாக்கினார். நீர் நிற்கும் வயலில் மண்ணின் மேற்புறம் மெல்லிய ஏடுபோன்ற ஒரு பகுதியில் மட்டும் ஆக்சிஜன் இருக்கிறது. அதற்குக் கீழே இல்லை. மேலே தூவிய அம்மோனியா உரம் ஏட்டில் நைட்ரேட்டாகிறது. அந்த நைட்ரேட் கீழே இறங்கி வாயுவாகித் தப்பிவிடுகிறது. உரத்தை மேலே தூவாமல் சேற்றுக்குள் ஆழமாக வையுங்கள் என்று அவர் விவசாயிகளுக்குச் சொன்னதன் காரணம் இதுதான்.

விவசாயி எதை இழப்பு என்று தடுக்க முயல்கிறாரோ, கழிவுநீர்ப் பொறியாளர் அதையே வேண்டி நிற்கிறார். ஆனால் இந்த இரு துறையினரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததாகத் தெரியவில்லை. நாணல் படுகை வேறொரு வழியில் பிறந்தது.

கோரையை நம்பிய பெண்மணி

ஜெர்மனியில் பிளோன் நகரின் மாக்ஸ் பிளாங்க் நீர்நிலை ஆய்வு நிறுவனத்தில் கேட்டே சைடல் என்ற தாவரவியலாளர் இருந்தார். பாய், கூடை முடைய உதவும் ஏரிக்கோரையில் அவருக்கு ஈடுபாடு. அழுக்கு நீரில் இத்தகைய செடிகள் பிழைக்காது என்று பலர் கருதிய காலத்தில், 1950களின் தொடக்கத்தில், ஃபீனால் கலந்த நீரில் கோரையை வளர்த்துப் பார்த்தார். கோரை பிழைத்தது, நீரில் ஃபீனாலும் குறைந்தது. கோரை பற்றிய அவருடைய நூல் 1955இல் வந்தது. செடிகளைக்கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கலாம் என்று அவர் சொன்னதைக் கழிவுநீர்த் துறையினர் எளிதில் ஏற்கவில்லை. ஜெர்மானியர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் "கோரை கேட்டே".

பின்னாளில் கிரேஃபெல்ட் நகரில் அவர் அமைத்த முறை இரண்டு கட்டங்கள் கொண்டது. முதலில் சரளைக்கல் படுகைகள். இவற்றில் கழிவுநீர் மேலிருந்து கீழாக வடியும். ஒரு படுகைக்கு நீர் விடும்போது மற்றவை காய்ந்து ஓய்வெடுக்கும். அடுத்து, நீர் பக்கவாட்டில் மெதுவாக நகரும் படுகைகள். முதல் கட்டத்தில் கல்லிடுக்குகளில் காற்று நிறையும், இரண்டாம் கட்டத்தில் காற்று இராது. மேலே சொன்ன இரு வேலைகளுக்கும் இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேண்டியதில்லை. ஆனால் சைடல் இந்த வெற்றியில் பெரும்பங்கைச் செடிகளுக்கே கொடுத்தார். நுண்ணுயிரின் பங்கு பின்னால் ஒதுங்கிவிட்டது.

இப்படிச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. உலகெங்கும் இன்று உள்ள படுகைகளுக்கெல்லாம் மூலம் அவருடைய தொட்டிகள்தாம். 1967இல் நெதர்லாந்தின் எல்பர்க் நகருக்கு அருகில் ஒரு கூடார முகாமின் கழிவுநீருக்காக நட்சத்திர வடிவக் கோரைக் குளம் ஒன்றைத் தோண்டினார்கள். அதுவும் அவருடைய ஆய்வைப் பின்பற்றியதே.

வேர்மண்டலம் என்ற வாக்குறுதி

சைடலுடன் சில காலம் சேர்ந்து பணியாற்றிய ரெய்ன்ஹோல்ட் கிக்குத் வேறு வழியில் போனார். சரளைக்கல் வேண்டாம், களிமண் கலந்த மண்ணே போதும். அதில் நாணலை நட்டு நீரைப் பக்கவாட்டில் செலுத்தினால் போதும் என்றார். வேர்கள் வளர வளர மண்ணில் துளைகள் உண்டாகிச் சில ஆண்டுகளில் நீர் தாராளமாகப் பாயும். நாணலின் உள்ளே ஓடும் காற்றுக்குழல்கள் வேருக்கு ஆக்சிஜனைக் கொண்டுசெல்லும். வேரைச் சுற்றி நைட்ரேட்டாதல் நடக்கும். சற்றுத் தள்ளி, காற்றில்லாத மண்ணில், நைட்ரஜன் வெளியேறும். நெல்வயலின் இரு அடுக்குகளை ஒவ்வொரு வேரைச் சுற்றியும் வளையமாகச் சுருட்டி வைத்ததுபோன்ற கற்பனை இது. கேட்பதற்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. 1974இல் ஓத்ஃப்ரேசன் என்ற ஊரில் முதல் பெரிய படுகை இயங்கத் தொடங்கியது. இதற்கு வேர்மண்டல முறை என்று பெயரிட்டார்கள்.

டென்மார்க் இதை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டது. சிறு கிராமங்களுக்கு மின்சாரமும் இயந்திரமும் வேண்டாத சுத்திகரிப்பு நிலையம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? 1980களில் சில ஆண்டுகளுக்குள் நூறுக்கு நெருக்கமான படுகைகள் எழுந்தன. அளந்து பார்த்தபோது இரண்டு செய்திகள் தெரிந்தன. மண்ணில் எதிர்பார்த்த துளைகள் உண்டாகவில்லை. நீரில் ஒரு பகுதி படுகைக்குள் இறங்காமல் மேலாகவே ஓடியது. அப்படியும் கரிம அழுக்கும் கலங்கலும் நன்றாகவே குறைந்தன. ஆளுக்கு 3 முதல் 5 சதுர மீட்டர் படுகை அதற்குப் போதுமானதாக இருந்தது. அம்மோனியா மட்டும் அசைந்துகொடுக்கவில்லை.

ஏன் என்பதற்கு டேனிஷ் ஆய்வாளர் ஹான்ஸ் பிரிக்ஸ் 1990இல் விடை தந்தார். அவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் நாணலின் தண்டு வழியாகக் கீழே போகும் ஆக்சிஜனை அளந்தார்கள். காற்று போவது உண்மைதான். ஆனால் அதில் ஏறக்குறைய முழுவதையும் வேரும் கிழங்கும் தம் சுவாசத்துக்கே செலவிட்டுவிடுகின்றன. வெளியே கசிவது மிகச் சிறிதளவு. ஒரு மனிதரின் 10 கிராம் நைட்ரஜனுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் ஆக்சிஜன் வேண்டுமே, அதற்கு இந்தக் கசிவு எந்த மூலைக்கு?

வேரிலிருந்து ஆக்சிஜன் கசிகிறது என்பதே தவறு என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. சதுப்புச் செடிகளின் வேர்முனையில் இக்கசிவு உண்டு என்பதை இங்கிலாந்தின் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் 1964லேயே காட்டியிருந்தார். மஞ்சள் அல்லியின் இளம் இலைகளில் புகும் காற்று கிழங்கு வரை இறங்கி முதிர்ந்த இலை வழியே வெளியேறுகிறது, செடிக்குள் ஒரு காற்றோட்டமே நடக்கிறது என்று ஜான் டேசி 1980இல் எழுதினார். ஆனால் அந்த ஏற்பாடு செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வது. சேற்றின் நச்சு வேரைத் தாக்காதிருக்க வேண்டிய அளவே அது ஆக்சிஜனைக் கசியவிடுகிறது. கசிவு உண்டா என்று பார்த்தவர்கள், எவ்வளவு என்று பார்க்கத் தவறியதே பிழை.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. உறவினர் குடியிருக்கும் ஒரு அடுக்ககத்தின் பின்புறம் கல்வாழைப் படுகை இருக்கிறது. பூத்துக் குலுங்கும். செடிகளே கழிவுநீரைச் சுத்தம் செய்கின்றன என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். படுகையில் எப்போதும் நீர் தளும்பி நிற்கும். ஒரு குச்சியை விட்டுக் கிளறினால் கறுப்புச் சேறும் அழுகிய முட்டை நாற்றமும் மேலே வரும். ஓய்வு விடாத படுகைக்கு இவை அடையாளம். அங்கே நைட்ரேட்டாதல் நடக்க வழியே இல்லை. பராமரிப்பவரிடம் சொன்னேன். "செடி நல்லா பச்சையாத்தானே சார் இருக்கு?" என்றார். அம்மோனியா மிகுந்தால் கல்வாழை பச்சையாகத்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

செடி உறிஞ்சும் பங்கு எவ்வளவு? செக் நாட்டு ஆய்வாளர் யான் விமாசல் பல நாட்டுப் படுகைகளின் அளவீடுகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்டார். வெவ்வேறு வகைப் படுகைகள் சராசரியாக வரும் நைட்ரஜனில் 40 முதல் 55 விழுக்காட்டை நீக்குகின்றன. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 250 முதல் 630 கிராம் வரை என்று கணக்கு. செடிகளை அறுத்து அகற்றுவதால் நீங்கக்கூடியது இதில் சிறு பங்குதான். சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 100 முதல் 200 கிராம் என்று நீரில் நைட்ரஜன் குறைவாக வரும் படுகைகளில்தான் அது பெரிய பங்காகும்.

ஒருவர் ஆண்டுக்குக் கழிப்பது 3,650 கிராம். செடியை மட்டும் நம்பினால் ஆளுக்கு மிகப் பெரிய படுகை வேண்டும். டென்மார்க்கில் இருந்ததோ 3 முதல் 5 சதுர மீட்டர். அதுவும் செடியை அறுத்து வெளியே கொண்டுபோனால்தான். அப்படியே விட்டால் மட்கி, உறிஞ்சிய நைட்ரஜனை நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஆகாயத்தாமரை மண்டிய குளங்களுக்கும் இதே கணக்குதான்.

அப்படியானால் செடி எதற்கு? வேரும் தண்டும் நுண்ணுயிர்கள் ஒட்டி வாழ இடம் தருகின்றன. தண்டு காற்றில் அசைவதால் படுகையின் மேற்பரப்பு அடைத்துக்கொள்ளாமல் இருக்கிறது. குளிர்நாடுகளில் உதிர்ந்த தழை போர்வையாகிறது. உதிர்ந்த இலையும் வேரில் ஊறும் பொருள்களும் நைட்ரஜன் வெளியேற்றும் பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. இந்தக் கடைசிப் பங்கை நான் பெரிதாக மதிக்கிறேன். நைட்ரேட் மிகுந்து கரிமப் பொருள் குறைந்த வயல் வடிகால் நீருக்கு இதுவே உயிர்நாடி.

படுகைக்கு ஓய்வு

ஆக்சிஜனைச் செடி கொண்டுவராது என்று தெளிந்ததும், அதைக் கொண்டுவர வேறு வழி தேடினார்கள். வழி ஏற்கெனவே இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1887இல் தொடங்கிய லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில், மணற்படுகைக்குக் கழிவுநீரை விட்டுவிட்டு ஊற்றினால் நைட்ரேட்டாதல் நன்றாக நடக்கும் என்று கண்டிருந்தார்கள். நீர் வடியும்போது பின்னாலேயே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சைடலின் முதல் கட்டத் தொட்டிகளும் அதையேதான் செய்தன.

பிரான்சில் 1980கள் முதல் இதை விரிவாகச் செயல்படுத்தினார்கள். வழக்கமான பிரெஞ்சு முறையில் முதல் கட்டத்தில் மூன்று படுகைகள்; ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு நாள் கழிவுநீர், ஏழு நாள் ஓய்வு. இன்று அந்நாட்டுச் சிற்றூர்களில் இத்தகைய நிலையங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. நம் பக்கத்து நாடான நேபாளத்தின் துலிகேல் மருத்துவமனையில் 1997இல் அமைத்த படுகையில், நீர் முதலில் பக்கவாட்டிலும் பிறகு மேலிருந்து கீழாகவும் செல்கிறது. சரிவான நிலம் என்பதால் நீரை விட்டுவிட்டு ஊற்ற மின்சாரம் தேவைப்படவில்லை.

வரிசை முக்கியம். மேலிருந்து வடியும் படுகை கடைசியில் வந்தால் வெளியேறும் நீரில் நைட்ரேட் நிற்கும். அதில் ஒரு பகுதியைத் திரும்ப முதல் படுகைக்கே அனுப்ப வேண்டும்; அங்கே காற்றும் இல்லை, புதிய கழிவுநீரின் கரிமப் பொருளும் இருக்கிறது. வாயுவாகிப் போய்விடும்.

வினோகிராட்ஸ்கி வகுத்த படமும் இப்போது அப்படியே இல்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஆக்சிஜனே இன்றி ஒன்றோடொன்று வினைபுரிந்து நைட்ரஜன் வாயுவாக வேண்டும், அப்படிச் செய்யும் உயிர் எங்கோ இருக்க வேண்டும் என்று வியன்னாவின் எங்கெல்பர்ட் புரோடா ஆற்றல் கணக்கைக்கொண்டு 1977இல் எழுதினார். 1995இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், ஈஸ்ட் தயாரிக்கும் ஆலையின் கழிவுநீர் நிலையத்தில் அந்த வினை நடப்பதாக முல்டர் குழுவினர் அறிவித்தார்கள். அதைச் செய்யும் பாக்டீரியா எது என்பது 1999இல் தெரிந்தது. அனாமாக்ஸ் எனப்படும் இந்த வினை பிறகு ஈரநிலச் சேற்றிலும் காணப்பட்டது. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்வதை 2015இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. கரும்பலகையில் ஒரு வகை இதற்கு, இன்னொரு வகை அதற்கு என்று இரண்டு அம்புக்குறிகள் போட்டுக் காட்டுவேன். இனி யாராவது என்னிடம் கேட்டால் மூன்றாவதாக ஒரு நீண்ட அம்புக்குறியும் போட வேண்டியிருக்கும்.